நிறம் திரிந்த வெண்மா: துகில்துறை அரையருக்கு விடுத்த திருமுகம்

மலை நிற்க. மழை பெய்க. மடைதோறும் நீர் நடக்க.

குன்றம் காத்த குடியில் வந்தவரும், முன்னோர் நட்ட எல்லைக்கல்லை ஒரு சாணும் நகர்த்தாதவரும், வெண்குன்ற நாட்டுக்கும் அதன் அடிவாரத்து ஊர்கள் அனைத்துக்கும் உரியவருமாகிய வேள் வெண்கோடனார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் அந்துவன் எழுதிய திருமுகம். ஆறு கடலைச் சேரும் துறையைக் காப்பவரும், தறிகளின் ஓசைக்கு நடுவிலும் வழக்குரைப்பார் குரலைக் கேட்கும் செவியுடையவருமாகிய துகில்துறை அரையர் இளங்கடலனார் காண்க. துறையில் கப்பல் நலமா, தறியில் நூல் நலமா, அரையர் இல்லத்தில் யாவரும் நலமா என்று வேள் கேட்கிறார். இங்கே மலை நலம். மழைதான் முகம் காட்டி நெடுநாளாயிற்று.

அரையர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. துகில்துறையிலிருந்து கடல் கடந்து போன வெண்துகில்கள் ஏற்றும்போது அன்னம்போல் இருந்து, அக்கரையில் இறக்கும்போது முதியவர் பல்லைப்போல மஞ்சள் பாரித்துக் கிடந்தன என்றும், நீலம் தோய்த்தவை பாசி படர்ந்தாற்போல் ஆயின என்றும், அயல்நாட்டு வணிகர் அவற்றை அதே கப்பலில் திருப்பிவிட்டனர் என்றும் அவ்வோலை கூறிற்று. துகிலுக்குக் கஞ்சியிட்டதில் வஞ்சனை செய்தார் என்று நெய்வார் தலைவர் ஏறனைச் சிறையிட்டதாகவும், அவரோ குற்றம் தம்முடையதன்று, மலையிலிருந்து வந்த மாவினுடையது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் கூறிற்று. அது மெய்யாயின், அரச முத்திரையிட்ட பொருளைக் கெடுத்தவரின் வலக்கையைப் பழைய முறைப்படி கொய்து அனுப்புக என்றும், அதுவரை மலைக்கு நெல் ஏற்றிய படகு எதுவும் துறையை விட்டு நகராது என்றும் முடித்திருந்தது.

வேள் அவ்வோலையை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, வெண்கல் அதிகாரி நெடும்பூதனாரை அழைக்கச் சொன்னார்.

இத்திருமுகம் துறை மன்றத்தில் பலரும் கேட்க வாசிக்கப்படும் ஆதலால், அறியாதார் பொருட்டு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெண்குன்றத்தில் வெட்டும் கல்லை இடித்து, அரைத்து, சலித்து எடுக்கும் மாவுக்குத் தனக்கென்று ஒரு பயனும் இல்லை. அதை உண்ணவும் முடியாது, உடுக்கவும் முடியாது. வேறொன்றினுள் புகுந்து அதன் வெற்றிடத்தை நிரப்புவதே அதன் தொழில். கஞ்சியோடு கலந்து துகிலில் ஏறி இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ள கண்களை அடைக்கும். சுண்ணத்தோடு கலந்து சுவரில் ஏறும். வண்ணம் தீட்டுவார் கிண்ணத்தில் விலையுயர்ந்த நிறத்தோடு கலந்து அதைப் பெருக்கும். தன்னை மறைத்துக்கொண்டு பிறவற்றைச் சிறப்பிக்கும் பொருள் அது. ஆயினும் அதன் நிறத்தில் சிறு மாசு இருந்துவிட்டால், அது புகுந்த பொருள் முழுவதும் அம்மாசையே அணிந்துகொள்ளும். மாவு மஞ்சளித்தால் வெண்துகில் பழந்துகிலாகும். நீலம் பச்சையாகத் திரியும். அந்தத் திரிபை மறைக்க இருமடங்கு சாயம் வேண்டும். ஆதலால்தான் அதன் வெண்மையைப் பார்ப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார்.

அவர்தான் நெடும்பூதனார். வேளின் தந்தையார் காலத்திலேயே அப்பொறுப்பை ஏற்றவர். கருங்கல் பலகை ஒன்றின்மேல் சங்கை இழைத்த தூளை ஒருபுறமும், புதிதாக வந்த மாவை மறுபுறமும் வைத்து, நிழலில் நின்று நோக்கி, "போதும்" என்றோ "போதாது" என்றோ ஒரே சொல் சொல்வார். போதாது என்ற சொல்லையே வாழ்நாளில் மிகுதியாகச் சொன்னவர். வெள்வெயிலில் வெண்பாறையை நோக்கி நோக்கி, அவர் கண்களில் ஓயாமல் நீர் வடியும். சோற்றைக் கண்டாலும் அதன் நிறத்தை முதலில் பார்த்துவிட்டே கை வைப்பார் என்று அவர் மனைவியார் நகையாடுவதுண்டு. சென்ற அறுவடை முடிந்ததும் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு வேளை வேண்டினார். இன்னும் ஓராண்டு கழியட்டும் என்றார் வேள். மறுத்துப் பேசவும் அலுத்தவர்போல அவர் தலையசைத்துப் போய்விட்டார்.

இம்முறை அழைத்து வேள் செய்தியைச் சொன்னார். நெடும்பூதனார் அரையர் ஓலையோடு வந்த மஞ்சள் துகிலின் முனையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மாவு நான் பாத்து விட்டதுதான்" என்றார். "பாக்கும்போது வெள்ளையாத்தான் இருந்துச்சு. போய்ப் பாத்துட்டு வரேன், வேளே." அவ்வளவே. ஏறன் சிறையில் இருப்பதை வாயிலில் நின்ற காவலரிடம் மீண்டும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்பட்டார்.

அவர் சென்று கண்டதையும் கேட்டதையும் வேளின் முன்னிலையில் சொன்னபோது, ஓலைநாயகம் வழக்கப்படி அதைச் செம்மொழியாக்கி எழுதத் தொடங்கினார். வேள் தடுத்தார். அவரவர் சொன்னதை அவரவர் வாய்மொழியிலேயே எழுதுக, அரையர் அம்மொழியிலேயே கேட்கட்டும் என்றார். ஆதலால் இதில் மரபு பிறழ்ந்திருப்பின் அரையர் பொறுத்தருள்க.

நெடும்பூதனார் மாட்டுவண்டியில் மலையடிவாரத்து அடிமடையூர் வரை சென்றார். வழிநெடுகக் குளங்கள் வெடித்துக் கிடந்தன. பனைகள் மட்டுமே பசுமையாய் நின்றன. அடிமடையூரிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணியிருந்தவர், ஊர்நடுவே வாய்க்காலில் நீர் ஓடக் கண்டார். பெருநீர் அன்று, கணுக்கால் நனையும் அளவே. ஆயினும் ஓடிற்று. பெண்கள் குடம் முக்கிக்கொண்டிருந்தனர். எலும்பு துருத்திய பசுக்கள் நீரில் வாய் வைத்தபடி தலை தூக்காமல் நின்றன. ஒருத்தி தன் குடத்திலிருந்தே சாய்த்து அவருக்கு நீர் கொடுத்தாள்.

"குடிங்க அய்யா. மலை குடுத்த தண்ணி. இந்த வருஷம் இது மட்டும் வரலேன்னா ஊரு காலியாயிருக்கும்."

அவர் இரு கைகளையும் குவித்து வயிறு நிறையக் குடித்தார். பிறகு வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு மலையேறினார். ஏறும்போதே அவருக்கு ஓர் ஐயம் தோன்றிற்று. அது பொய்யாகட்டும் என்றே எண்ணிக்கொண்டு நடந்தார்.

மேலே, கல் வெட்டும் முகப்புக்கும் இடிகூடத்துக்கும் நடுவே கழுவுதொட்டிகள் இருக்கின்றன. வெட்டிய கல்லின் விரிசல்களில் செம்மண் ஒட்டியிருக்கும். இடிப்பதற்கு முன் அதை நீர்விட்டுப் பலமுறை அலசினால்தான் மா வெளுக்கும். மலைச்சுனையின் நீர் முழுவதும் அத்தொட்டிகளுக்கே உரியது என்பது வேளின் பாட்டனார் காலத்து ஆணை. நெடும்பூதனார் சென்று பார்த்தபோது தொட்டிகளின் அடியில் காய்ந்த செம்மண் ஓடு பெயர்ந்து கிடந்தது. சுனையிலிருந்து வரும் வாய்க்கால் தொட்டிப்பக்கம் அடைக்கப்பட்டு, அடிவாரத்துப் பக்கம் திறந்திருந்தது.

ஆனால் இடிகூடத்தில் குவித்திருந்த மாவோ வெண்மையாகவே இருந்தது. சங்குத்தூளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒருவேளை இதுவே மேல் என்று சொல்லத்தக்க குளிர்ந்த வெண்மை. அவ்வெண்மையைத்தான் அவர் பல திங்களாகப் பார்த்துப் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இடிகூடத்தின் தலைவி கொற்றி என்பவள். கணவன் கற்சரிவில் மாய்ந்தபின் அவன் பொறுப்பைத் தான் ஏற்று, அவன் நடத்தியதைவிடச் செம்மையாக நடத்திவந்தவள். அதிகாரியாரைக் கண்டதும் மோர் கொண்டுவரச் சொன்னாள். மோர் வேண்டாம், ஓர் இரும்புச்சட்டியும் நல்ல விறகும் வேண்டும் என்றார் அவர். கேட்டதும் கொற்றியின் முகம் மாறிற்று. ஆயினும் சட்டியை அவளே எடுத்துவந்து வைத்தாள்.

சட்டியில் மாவை இட்டு, அடியில் தீ வளர்த்து, நெடும்பூதனார் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். இடிப்பவர்கள் உலக்கையை நிறுத்திவிட்டுச் சூழ்ந்து நின்றனர். சட்டி நன்கு காய்ந்தபோது, மாவிலிருந்து ஊதா நிறத்தில் மெல்லிய புகை எழுந்து கலைந்தது. மாவின் வெண்மையும் அதனோடு போயிற்று. சட்டியில் எஞ்சியது செங்கல் தூள் கலந்ததுபோல் சிவந்து கிடந்தது.

அவுரி நீலம். அலசாததால் மஞ்சளித்த மாவில் சிறிது அவுரியைச் சேர்த்தால் மஞ்சள் மறைந்து கண்ணுக்கு வெண்மையாகவே தோன்றும். ஆனால் வெயிலும் கடற்காற்றும் பட்டால் அந்நீலம் மெல்ல மெல்ல ஓடிப்போகும்; மஞ்சள் மட்டும் மிஞ்சும். துகில் ஏற்றும்போது வெளுத்தும் இறக்கும்போது பழுத்தும் போன மாயம் இதுவே. எவருடைய கண்ணும் அதைக் கண்டிருக்க இயலாது என்று வேள் இங்கே எழுதச் சொல்கிறார். நெடும்பூதனார்மேல் துறையில் எவரும் பழி சொல்லலாகாது.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்றார். "கோபமா கேக்கல. கோபப்படற தெம்பும் எனக்கில்ல. சொல்லு."

கொற்றி எதையும் மறுக்கவில்லை. "கல்லக் கழுவுனா கல்லு வெளுக்கும், அய்யா. எனக்குத் தெரியாதா? கோடையில ஒரு நாள் அடிமடையூருக்கு எறங்கிப் போனேன். ஊத்துக்குழியில ஒருத்தி செரட்டையால தண்ணி மொண்டுக்கிட்டிருந்தா. ஒரு செரட்ட ஊறுறதுக்கு அவ்ளோ நேரம் காத்திருக்கா. இடுப்புல புள்ள. அந்தப் புள்ள அழக்கூட இல்ல, நாக்கு ஒட்டிப்போச்சு. மேல வந்து பாக்குறேன், தொட்டியில தண்ணி சலசலன்னு கல்லு மேல ஓடுது. அன்னிக்கு மடைய மாத்துனேன். அப்புறம் திருப்பி மாத்த என்னால முடியல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? போதாதுன்னு சொல்லியிருப்பீங்க."

அவர் கண்ணிலிருந்து வடிந்த நீரைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அது எப்போதும் வடிவதுதான். பிறகு சொன்னார்: "துகில்துறையில ஏறன்னு ஒருத்தர். நெய்யறவங்களுக்குத் தலைவர். நீ போட்ட நீலத்துக்கு அவரப் பிடிச்சு உள்ள வச்சிருக்காங்க. கஞ்சியில ஏமாத்திட்டாராம்."

இதைச் சொல்லும்வரை கொற்றி நிமிர்ந்தே நின்றாள். கேட்டதும் உலக்கைக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மாவு படிந்த தன் கைகளையே நோக்கிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாது, அய்யா" என்றாள். "துணி ஒரு வருஷம் முன்னாலயே பழசாகும், அவ்ளோதான்னு நெனச்சேன். மனுசன் ஒருத்தர் மாட்டுவாருன்னு நெனைக்கவே இல்ல." பிறகு எழுந்தாள். "வாங்க, போவோம். நாந்தான்னு சொல்லிடறேன். அவர விட்டுடச் சொல்லுங்க."

விலங்கிடவில்லை, காவலும் வைக்கவில்லை. அடிமடையூரில் வண்டி ஏறியபோது, முன்பு நீர் கொடுத்த அதே பெண் ஓடிவந்து, யாருக்கு வண்டி, எங்கே பயணம் என்று கேட்டாள். கொற்றி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிவிடலாமா என்று நெடும்பூதனாருக்குத் தோன்றிற்று. சொன்னால் ஊரே வண்டிக்கு முன் வந்து விழும், பின் எவரும் தலைநகர் சென்று சேர இயலாது என்று எண்ணி வாளாவிருந்தார். வழிநெடுக இருவரும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. ஓரிடத்தில் மட்டும், தம் மகளும் அவள் வயதினள்தான், கடற்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், பார்த்து வெகுகாலமாயிற்று என்று அவர் சொன்னாராம். அதைக் கொற்றியே அவையில் சொன்னாள்.

அவை கூடிற்று. கருவூல அமைச்சர் பேரெயினனார் எழுந்து, சட்டம் தெளிவாக இருப்பதையும், அரச முத்திரை பொய்த்தால் நாட்டின் ஒவ்வொரு மூட்டையும் ஐயத்துக்குரியதாகும் என்பதையும், துறை அரையர் கேட்டது முறையே என்பதையும், நெற்படகுகள் வராவிடில் மலைநாடு கார்காலத்தைத் தாங்காது என்பதையும் எடுத்துரைத்தார். அவர் சொன்னவற்றுள் பிழை ஒன்றும் இல்லை. ஆதலால் அவையோர் பலர் தலையசைத்தனர்.

நெடும்பூதனார் தூணைப் பிடித்து எழுந்தார். "வேளே, தீர்ப்புக்கு முன்னால ஒண்ணு காட்ட விடுங்க" என்றார். இசைவு கிடைத்ததும், ஏவலரிடமிருந்து ஒரு சிற்றுளியை வாங்கிக்கொண்டு, அரியணைக்கு இடப்பக்கச் சுவரின் மூலையில் சுதையைப் பெயர்க்கத் தொடங்கினார். அவையோர் திடுக்கிட்டனர். காவலர் வேளின் முகத்தை நோக்கினர். வேள் அசையவில்லை. மேற்பூச்சு பெயர்ந்தது. அதன் அடியில் இருந்த உட்பூச்சும் அதே அளவு வெண்மையாக இருந்தது. அதற்கும் அடியில் செங்கல் தெரிந்தது.

"இந்த உள்பூச்ச யாரு பாத்திருக்கா?" என்று கேட்டார் அவர். "கட்டுனவன் பாத்தான். இன்னிக்கு நான் பாக்குறேன். இதுக்கும் கல்லப் பலமுறை கழுவித்தான் அனுப்புனோம். அமைச்சர் போத்தியிருக்காரே கறுப்புப் போர்வை, அதுக்குள்ளயும் நம்ம மாவு இருக்கு. வெள்ள வெளேர்னு கழுவுன மாவு. அதுமேல கறுப்புச் சாயம். படகு ஓட்டைய அடைக்கப் பிசினோட கலக்குற மாவும் அதேதான்; தார் பூசுனா தீந்தது. வெள்ளை வேணும், இல்லேங்கல. வெளுத்த துணிக்கு வேணும். நீலத்துக்கு அடியில வேணும். வெளிச்சுவருக்கு வேணும். வாழ்நாள் பூரா நான் இந்தப் பலகையில வச்சு மாவு வெள்ளையான்னு மட்டும்தான் பாத்தேன். இது எங்க போகுதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டிருந்தா பாதித் தண்ணி அடிமடையூருக்குப் போயிருக்கும். எந்தத் துணியும் பழுத்திருக்காது."

இவ்வளவும் சொல்லிவிட்டு உளியைக் கீழே வைத்து, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவையில் அமர இசைவு கேட்க வேண்டும் என்பதும் அவருக்கு நினைவில்லை.

வேள் எழுந்து சென்று அச்சுவரைத் தொட்டுப் பார்த்தார். அம்மாளிகையை எழுப்பியவர் அவரே. உட்பூச்சுக்கு எந்த மா வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, உள்ளதில் சிறந்ததை இடுக என்று அந்நாளில் ஆணையிட்டவரும் அவரே. அதை அவையில் அவரே சொன்னார். துகில்துறைச் சுங்கவாயிலில், வெண்மை குறைந்த மூட்டை எப்பயனுக்காயினும் நுழையலாகாது என்று அரையர் வைத்த விதியையும் அப்போது நினைவுகூர்ந்தார். அரையர்மேல் குறை கூறுவதற்காக இங்கு இது எழுதப்படவில்லை. நல்ல பொருளே வேண்டும் என்று கேட்பது ஆள்வோர்க்கு இயல்பு. கேட்டது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மலையேறுவோர் சிலரே.

பின்னர் வேள் கொற்றியை நோக்கி, மடையைத் திறந்தது குற்றமன்று, மறைத்ததே குற்றம் என்றும், நீர் இல்லை என்று ஒரு சொல் அனுப்பியிருந்தால் ஒருவர் சிறை புகுந்திருக்க மாட்டார் என்றும் கூறினார்.

அவள் கைகூப்பினாள். ஆயினும் வாய் மூடவில்லை. "அனுப்பியிருந்தா, தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு சொல்லியிருப்பீங்க, வேளே?"

அவ்வினாவைக் கேட்ட வேள் பெயர்த்த சுவரின் பக்கம் திரும்பினார். பொய்யாக ஒன்றைச் சொல்ல அவருக்கு மனமில்லை என்பதை அவையோர் கண்டனர். கை கொய்யும் பேச்சு அதன்பின் எவர் வாயிலிருந்தும் எழவில்லை. பேரெயினனாரும் தம் கரும்போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார்.

ஆதலால் வேள் வெண்கோடனார் ஆணையிட்டருள்வது யாதெனில்:

நெய்வார் தலைவர் ஏறன் மாசற்றவர். இத்திருமுகம் கண்டவுடனே அவரைச் சிறைவிட்டு, சிறையிட்ட செய்தியை எத்தனை பேர் கேட்க அறிவித்தீரோ அத்தனை பேரும் கேட்க அவர் மாசின்மையையும் அறிவிக்க. அவரை இல்லம்வரை அரையரே உடன்சென்று விடுக. இனி மலையிலிருந்து இருவகை மா வரும். அலசிய வெண்மா, வெளுத்த துகிலுக்கும் இளநிறச் சாயத்துக்கும் வெளிப்பூச்சுக்கும் மட்டும் உரியது. அலசாத மா பழுப்பு மா என்ற தன் பெயராலேயே, மறைப்பு ஏதுமின்றி வரும். அது கரிய துகிலுக்கும் ஆழ்ந்த செந்துகிலுக்கும் உட்பூச்சுக்கும் படகுக்கும் போதுமானது. அதைச் சுங்கவாயிலில் தடுக்கலாகாது. வேள் மாளிகையில் இனி எழும் சுவர்களுக்கு உட்பூச்சு பழுப்பு மாவினாலேயே ஆகும். சுனைநீர் முதலில் அடிமடையூருக்கு, மிகுவது தொட்டிக்கு. மழை பொய்க்கும் ஆண்டில் வெண்மா குறைவாகவே வரும். துகில்துறை அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெண்மை குறைந்ததென்று நெல்லை நிறுத்தும் வழக்கம் இன்றோடு ஒழிக.

கொற்றி இடிகூடத் தலைமையினின்று நீக்கப்பட்டாள். அவள் கை நீலம் கலந்த கை என்று தெரிந்தபின், அவள் கட்டிய மூட்டையை எவர் நம்புவர்? இது தனக்கு வருத்தம் என்று அவள் சொல்லவில்லை. ஆயினும் வெளியேறும்போது வாயிலில் நின்று ஒருமுறை மலைப்பக்கம் திரும்பிப் பார்த்ததை ஓலை எழுதுவோர் கண்டனர். இத்திருமுகத்தோடு அவளே துறைக்கு வருகிறாள். ஏறனின் முன் நின்று தன் வாயால் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பது அவளே வேண்டிக்கொண்டது. ஏறன் பொறுப்பாராயின் நன்று. பொறாராயின் அதுவும் அவர் உரிமை. ஆனால் அரையர் ஒன்றை மறவாதிருக்க: அவள் இரு கைகளோடு வருகிறாள். இரு கைகளோடு அடிமடையூருக்குத் திரும்ப வேண்டும். இதில் ஒரு விரல் குறைந்தாலும் வேள் துறைக்கு வருவார்; துகில் வாங்க வரமாட்டார்.

வெண்கல் அதிகாரி நெடும்பூதனாருக்கு விடுதலை அளிக்கப்பட்டது. அவருக்குப் பின் அப்பலகையின்முன் நிற்பவர் துகில்துறை நெய்வாருள் ஒருவராய் இருத்தல் நலம் என்று வேள் கருதுகிறார். மா எங்கே போகிறது என்று அறிந்தவர், அது எங்கிருந்து வருகிறது என்பதையும் வந்து பார்க்கட்டும். தகுந்தவரை அரையர் தேர்ந்து அனுப்புக. நெடும்பூதனாரின் மகள் கடற்கரைப் பக்கம் எவ்வூரில் இருக்கிறாள் என்பதையும் விசாரித்து எழுதுக. தந்தை வருகிறார் என்று அவளுக்குச் சொல்லுக.

இத்திருமுகத்தை முறைப்படி அவரே கொண்டுவந்திருக்க வேண்டும். ஆணை எழுதப்பட்டுக்கொண்டிருக்கையில், பெயர்த்த சுவரின் அடியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே உறங்கிவிட்டார். முகத்தில் சுதைத்தூள் படிந்திருக்கிறது. பிற்பகல் வெயில் காலில் விழுகிறது. அதை மறைக்கப் பேரெயினனார் தம் போர்வையைச் சாளரத்தில் கட்டச் சொன்னார். பழுப்பு மாவுக்கு முத்திரை எவ்வாறு இருக்க வேண்டும் என்று கேட்க ஓலைநாயகம் அவரைத் தொட்டெழுப்பப் போனபோது, வேண்டாம் என்று வேள் கைகாட்டினார். ஆதலால் தூதர் வேறொருவர் வருகிறார்.

மலையும் துறையும் ஒன்றையொன்று அறிந்து வாழ்க. நெல் மேலேறுக, நீர் கீழிறங்குக. கண்டது கண்டவாறு எழுதினேன், ஓலைநாயகம் அந்துவன். அரக்கில் குன்றமும் சுனையும் பொறித்த இலச்சினையை வேள் தம் கையாலேயே இட்டருளினார்.

அரச ஓலை வாயில் கடக்கும்போது முரசறைவது இந்நாட்டு வழக்கம். இன்று அறைய வேண்டாம் என்பது ஆணை.